சூடு போட்ட கோங்கு, முத்திரை அடித்த வேங்கை

கடலுக்குள் நடுவதற்கு எந்த மரம் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். நான் அப்படிச் சொல்வதில்லை. கிழவன் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

போன வாரம் மர டிப்போவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர்கள். ராஜபாளையத்துக்கே ரயில் வந்துவிட்டதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. எங்கள் காலத்தில் ஒவ்வொரு மரத்தையும் மாட்டுவண்டியில் சாத்தூர் வரை கொண்டுபோய்த்தான் ரயிலேற்ற வேண்டும். அந்தப் பாடு இவர்களுக்கு இல்லை. அவர்கள் கொண்டுவந்த செய்தி வேறு. கடற்கரைக் கம்பெனிகள் இனிமேல் மரத்தூண் கேட்கப்போவதில்லையாம். உள்ளே இரும்புக் கம்பி வைத்து வார்த்த சிமெண்டுத் தூண் வந்துவிட்டதாம்.

"அதைப் புழுவும் திங்காது, உப்பும் திங்காது, ராவுத்தரய்யா" என்றார் ஒருவர்.

"எங்க போட்டுப் பாத்தாங்க?" என்று கேட்டேன்.

"பாக்காமலா இருப்பாங்க?"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். நாங்களும் பார்த்தோம். ஒழுங்காக, முறையாக, சிரத்தையாகப் பார்த்தோம். ஆனால் போட்டுப் பார்த்த இடம் தப்பு. அந்தத் தப்பில் என் தங்கை விதவையாகியிருப்பாள்.

எங்களில் அப்பாவை அத்தா என்போம். என் அத்தா மரம் அறுப்பவர். நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து ரம்பக்குழியில் கீழ் ஆளாக நின்று, கண்ணெல்லாம் மரத்தூள் விழ ரம்பம் இழுத்தவன். அதில் தேறி, டிப்போவில் மார்க்கர் வேலைக்கு வந்தேன். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மரம் இறங்கும் டிப்போ இருந்தது. ஆபீசும் விற்பனை யார்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில். மார்க்கர் என்றால், மேலதிகாரி 'சரி' என்று சொன்ன மரத்தில் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடிப்பவன். சுத்தியலின் முகத்தில் எங்கள் டிப்போவின் குறி புடைப்பாக இருக்கும். அடித்தால் மரத்தில் பதியும். அந்தக் குறி விழுந்த மரத்தை யாரும் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை. கோங்கு மரத்தில் மட்டும் சுத்தியல் பதியாது, துள்ளி எகிறும். அதற்கு இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுவோம்.

மரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரே எதிரி கரையான். வீட்டு உத்தரம் ஆகட்டும், வண்டிச் சட்டம் ஆகட்டும், கேட்பவர்கள் முதலில் கேட்பது "புத்துக்குப் போட்டுப் பாத்தாச்சா?" என்பதுதான். அடிவார டிப்போவின் ஓரத்தில் கரையான் புற்றுகள் வரிசையாக இருந்தன. மஞ்சள் பூசிக் கும்பிடுகிற புற்றுகளை விட்டுவிட்டு, மற்றவற்றில் மரத்துண்டுகளைப் புதைத்து வைப்போம். ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடக்கும். பிறகு தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி, எது எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். புற்றில் ஜெயித்த மரம் எங்கும் ஜெயிக்கும் என்பது எங்கள் ஊர் மரக்காரர்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. என் அத்தாவுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

என் மேலதிகாரி நரசராஜு. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர். டிப்போவில் எல்லோருக்கும் அவர் ராஜு ஐயா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசுவார். அது இன்னும் பயமாக இருக்கும். யாராவது அவசரப்பட்டால் "ஆகு" என்பார். பொறு என்பதற்கு அவர் வீட்டுப் பேச்சு அது. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'ஆகு ராஜு' என்போம். ஒரு மரத்தைச் சுற்றி வருவார், ஒரு முனையில் என்னைத் தட்டச் சொல்லிவிட்டு மறுமுனையில் காதை வைப்பார், ஒரு சீவல் சீவி வாயில் போட்டு மெல்லுவார், துப்புவார், மறுபடியும் முதலிலிருந்து சுற்றி வருவார். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல மரம் என்று அவர் வாயால் சொல்லமாட்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைப்பார், நான் அடிப்பேன்.

அவருக்கு நீரிழிவு உண்டு. அதற்காக வேங்கை மரத்தில் கடைந்த குவளை ஒன்று வைத்திருந்தார். அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மரத்தின் சாயம் இறங்கித் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆகும். அதைத்தான் குடிப்பார். எங்கள் பக்கத்தில் அந்த நோவு உள்ளவர்கள் பலரும் செய்வதுதான். குவளை எப்போதும் அவர் மேஜையில் இருக்கும். அதை நான் தினமும் பார்த்தேன். அவர் தினமும் குடித்தார்.

புது நூற்றாண்டு பிறந்த சமயம், கிழக்குக் கரையில் ஒரு கம்பெனி கடலுக்குள் நீட்டமாக ஒரு இறங்குதுறை கட்ட ஏற்பாடு செய்தது. கம்பெனி பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். அதன் இஞ்சினியர் துரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து எங்கள் ஆபீசில் உட்கார்ந்தார். வெயிலில் சிவந்த, பொறுமையான மனிதர். மேஜையில் ஒரு இரும்புத் துண்டை வைத்தார். வேறொரு துறையில் பல வருஷம் கடலில் நின்ற வார்ப்பிரும்புத் தூணின் துண்டு. பார்க்க முழுசாக இருந்தது. என் கையில் பேனாக்கத்தியைக் கொடுத்துச் சீவச் சொன்னார். சீவினேன். சிலேட்டுக் குச்சி மாதிரி சீவ வந்தது. உப்பு இரும்பைத் தின்றுவிட்டு அதன் உருவத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. எனக்கு அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

அடித்து நீட்டிய இரும்பு தேவலை, கெட்டுப்போனால் கண்ணுக்காவது தெரியும் என்றார் துரை. ஆனால் அலை ஏறி இறங்குகிற மட்டத்தில், நனைந்து காய்ந்து நனைந்து, அடுக்கடுக்காகத் துருப்பிடித்து உரிந்துவிடுமாம். மரத்தைச் சுற்றிச் செம்புத் தகடு அடிக்கலாம். ஓர் ஆணி இடம் கிழிந்தாலும் மரத்தைத் துளைத்துத் தின்கிற கடல்புழு அந்த வழியாக உள்ளே போய்விடும். தேக்கில்தானே தோணி கட்டுகிறார்கள் என்று நான் கேட்டேன். "தோணி வருசா வருசம் கரையேறிக் காயுது. தூணு காயாது" என்றார் ராஜு ஐயா.

கடைசியில் மலை மரம்தான் என்று முடிவானது. எந்த மலை மரம் என்பதுதான் கேள்வி. கோங்கு இருந்தது. மேற்குச் சரிவின் ஈரக்காட்டிலிருந்து வரவேண்டும், அறுக்க எமன். வேங்கை இருந்தது, ஏராளமாக. அந்த மழைக்காலத்தில் இரண்டையும் புற்றுக்குப் போட்டோம். தோண்டியபோது கோங்கின் ஒரு பக்கத்தில் கரையான் லேசாகச் சுரண்டியிருந்தது. வேங்கைப் பக்கம் அது தலைவைத்தே படுக்கவில்லை. துரை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம்.

ராஜு ஐயா மட்டும் இன்னொன்றும் சொன்னார். கோங்கு ஒன்று, வேங்கை ஒன்று, தேக்கு ஒன்று என்று கட்டைகளைச் சங்கிலியில் கோத்துத் துறை வரப்போகும் இடத்தில் கடலுக்குள் தொங்கவிட வேண்டும், எல்லாப் பருவமும் கடந்தபின் எடுத்து அனுப்ப வேண்டும், நாம் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். துரை சம்மதித்தார். ஆனால் அதுவரை வேலை காத்திருக்காது என்றும் சொல்லிவிட்டார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் கைவசம் இருந்த கோங்கு போனது. அதில் கரைப்பக்கத்துப் பாதியை நட்டார்கள். கோங்கு தீர்ந்ததும் வேங்கை போனது. அதில் கடல்பக்கத்துப் பாதி. நடும்போது தூணின் தலையைச் சீவிவிடுவார்கள் என்பதால், தலைக்குக் கீழே பக்கவாட்டில் குறி போட்டு அனுப்பினேன். கோங்குக்குச் சூடு, வேங்கைக்கு முத்திரை. அங்கே நட்டு முடித்ததும் எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பாகத் தார் பூசிவிட்டார்கள்.

தூண் அடிக்கும் கூட்டத்துக்குத் தலைவன் சுலைமான், என் தங்கை ஆயிஷாவின் புருஷன். எங்கள் ரம்பக்குழியிலிருந்து போனவன்தான். வாயாடி, கிண்டல்காரன், ஆனால் வேலையில் சூரன். துறை கட்டி முடிந்த சமயம் பெருநாளுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தான். நீராவிக் கிரேன் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது என்றான். தண்டவாளத்தில் அதை உருட்டித் துறையின் கடைசி வரை கொண்டுபோய், முழுப் பாரம் தூக்கிச் சோதிக்கப் போகிறார்களாம். கிரேனுக்கு முன்னால் நடந்து கை காட்டுகிற வேலை அவனுக்கு.

"நான் கையைத் தூக்குனா அம்புட்டு பெரிய மிசினும் நிக்கும் மச்சான்" என்று தங்கையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அவள் சிரித்தாள்.

அவன் கிளம்பிப் போன மறுநாள் உச்சிவேளையில், சாத்தூரிலிருந்து வந்த வண்டி ஒன்று யார்டுக்குள் நுழைந்தது. ஈரச் சாக்கில் சுற்றிய கட்டைகள். கடலில் தொங்கியவை. சோதனை மறுநாள் காலை என்பது எனக்குத் தெரியும். கட்டைகள் இன்றைக்கு வந்தது நல்லதாகப் போயிற்று, மனசுக்குத் திருப்தியாக அறுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

புளியமரத்தடியில் வரிசையாக வைத்தோம். அழுகிய சிப்பி நாற்றம் யார்டு முழுக்க அடித்தது. ராஜு ஐயாவின் முறைப்படி முதலில் எடை, பிறகு ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, பிறகு குத்தூசி, கடைசியில்தான் ரம்பம். ரம்பமும் முனையிலிருந்து தொடங்கி நடுவுக்கு வரவேண்டும். எடை பார்த்தபோதே வேங்கை லேசாக இருந்தது. கடலில் கிடந்த மரம் கனத்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. சிப்பியைச் சுரண்டியதும் கட்டையின் மேல் கடுகு கடுகாகச் சில ஓட்டைகள் தெரிந்தன. அவ்வளவுதான். மற்றபடி வழவழவென்று இருந்தது.

ரம்பத்தை வைத்தேன். முதல் இழுப்பிலேயே கை சொல்லிவிட்டது. வேங்கை ரம்பத்தைப் பிடித்து இழுக்கும். இது விட்டுக்கொடுத்தது. துண்டு கழன்று விழுந்தது. உள்ளே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை ஓடு. மரம் என்று மிச்சம் இருந்தது ஓட்டைகளுக்கு நடுவே இருந்த சுவர்கள் மட்டும்தான்.

கடல்பக்கத்துப் பாதி முழுக்க இந்த மரம். நாளைக் காலையில் அதன் மேல் கிரேன், கிரேனுக்கு முன்னால் சுலைமான்.

"ஐயா, தந்தி குடுத்துருவோம். வாங்க" என்றேன்.

"ஆகு."

"என்னத்த ஆகு? என் மச்சான் நாளைக்கு அதுமேல நிக்கான்."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அறுத்த துண்டைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்தார். ஓட்டைகளின் வழியாக வெளிச்சம் வந்தது.

"பொறவு புத்துல எப்படிய்யா இது தப்பிச்சுது? கரையான் ஒரு கடி கடிக்கலையே" என்றேன்.

அவர் ஆபீசுக்குள் போனார். பின்னாலேயே போனேன். மேஜையில் இருந்த குவளையை எடுத்து அதன் தண்ணீரைப் பார்த்தார். குவளை பழசாகிவிட்டிருந்தது, தண்ணீரில் நிறமே இல்லை. சன்னலுக்கு வெளியே கொட்டினார்.

"சாயம் எறங்கித் தீந்ததும் குவளைய மாத்திருவேன். வருசக்கணக்கா மாத்துறேன்" என்றார். "கரையான் அந்தச் சாயத்துக்குப் பயந்துதான் வரலை, மைதீனு. கடல்ல சாயம் எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

குவளையை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப தந்தி" என்றேன்.

"கோங்க அறுக்கணும்."

எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடலாமா என்று இருந்தது. தந்தி ஆபீஸைச் சாயங்காலம் சாத்திவிடுவார்கள். கோங்கு அறுப்பதென்றால் பொழுது போய்விடும். அவர் வாசலில் நின்று, எப்போதையும்விட மெதுவாகச் சொன்னார். "துறைமேல ஏறாதீகன்னு தந்தி குடுத்தா தொரை என்ன நெனைப்பாரு? மரக்காரன் பயந்துட்டான்னு நெனைப்பாரு. கப்பல் காத்துக் கெடக்கு. வேண்டாம்னு சொன்னா எவனும் கேக்கமாட்டான். எதுவரைக்கும் போகலாம்னு சொன்னாத்தான் கேப்பான். கோங்கு நல்லாருக்குன்னா கோங்கு வரைக்கும்னு சொல்லலாம். அறுக்காம அதைச் சொல்லி, கோங்கும் இப்படி இருந்துச்சுன்னா? நம்ம பேச்சக் கேட்டு ஏறுனவன்தான் செத்துப்போவான்."

ரம்பத்தை எடுத்தேன்.

மனிதனைக் கொல்கிற மரம் கோங்கு. இன்னொரு அறுப்பாளியை எதிரே நிறுத்தி இழுத்தோம். பல் மழுங்கியது. அரம் போட்டுவிட்டு மறுபடி இழுத்தோம். வேர்வை கண்ணில் வழிந்தது. ராஜு ஐயா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு துண்டாக வாங்கிப் பார்த்தார். முனைத் துண்டு சுத்தம். அடுத்ததும் சுத்தம். போதும் என்று நிமிர்ந்தேன். "நடு" என்றார். கோயில் கோபுரத்தின் நிழல் தெருவில் நீண்டுகொண்டே வந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே இழுத்தேன். நடுத்துண்டு விழுந்தது. மேல்தோலில் ஒன்றிரண்டு இடத்தில் புழு வாய்வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே கல். குத்தூசியை வைத்து ராஜு ஐயா தன் முழுப் பலத்தோடு அழுத்தினார், ஊசி வளைந்தது.

"இப்ப வா" என்று எழுந்தார்.

அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக ஓடினார். பின்னால் மரத்தூளோடு நான். தந்தி மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"சாத்துற நேரம் வந்து நிக்கீகளே" என்றார்.

"ஆளு உசுரு" என்றார் ராஜு ஐயா. மாஸ்டர் கதவைத் திறந்தார்.

விஷயத்தைத் தமிழில் சொல்ல, மாஸ்டர் இங்கிலீஷில் எழுதினார். வேங்கை உள்ளே முழுக்கப் புழு. கோங்கு நன்றாக இருக்கிறது. கிரேன் கோங்கு வரை மட்டும் போகலாம்.

"கோங்கு எதுவரைக்கும்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று மாஸ்டர் கேட்டார்.

எல்லாமே தார் பூசிய கறுப்புத் தூண்கள். "தொரைகிட்ட படம் இருக்குமே" என்றேன்.

"படத்த வரைஞ்சது தொரை. தூண நட்டது கூலிக் கூட்டம். கையில வந்த மரத்த நட்டிருப்பாக" என்றார் ராஜு ஐயா. என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தாரைச் சுரண்டினால் குறி தெரியும். சூடு இருந்தால் கோங்கு, முத்திரை இருந்தால் வேங்கை. ஆனால் குறி பக்கவாட்டில் இருக்கிறது. யாராவது துறையின் ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கித்தான் சுரண்ட வேண்டும். எந்தக் குறி எப்படி இருக்கும் என்று அங்கே தெரிந்தவன் ஒருவன்தான்.

"சுலைமானைத்தான்யா எறக்குவாக" என்றேன்.

"தெரியும்" என்றார். எழுதி முடித்த தந்தியை மறுபடி வாங்கி, கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார். கரையிலிருந்து சுரண்டிக்கொண்டு வரவும். முதல் முத்திரை கண்ட இடத்தில் நிற்கவும்.

மாஸ்டர் டக்டக்கென்று தட்டினார். பதில் வரும் என்று அவர் செத்த நேரம் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. துரை துறையில் இருப்பாரோ, பங்களாவில் இருப்பாரோ, தந்தி அவர் கைக்குப் போயிற்றோ இல்லையோ, எதுவும் தெரியாமல் வெளியே வந்தோம்.

மறுநாள் விடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனேன். சொல்லக்கூடாது என்றுதான் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் அடுப்பிலிருந்து எழுந்துவிட்டாள். சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"அவிய கெணத்துல நல்லா நீஞ்சுவாவ" என்றாள். "கடல்ல எப்படிண்ணே?"

வெளியே வந்து தந்தி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். ராஜு ஐயா எனக்கு முன்பே வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறியது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். இந்த நேரத்துக்குக் கிரேன் நகர்ந்திருக்கும், இந்த நேரத்துக்குப் பாதி வந்திருக்கும் என்று என் மனசு தானாக ஓடியது. யா அல்லா என்பதைத் தவிர வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

உச்சி திரும்பிய பிறகு மாஸ்டர் சன்னல் வழியாகக் கூப்பிட்டார். படித்தார். "நிறுத்தியாயிற்று. ஆட்கள் நலம்." ராஜு ஐயா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தங்கை வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுதுகொண்டேதான் ஓடினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேங்கைத் தூண்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, மேற்குச் சரிவில் தேடித் தேடிக் கோங்கு கொண்டுவந்து நட்டார்கள். துரை மறுபடி வந்தபோது ராஜு ஐயா அவரிடம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. "தப்பான எடத்துல போட்டுப் பாத்துட்டோம்" என்றார். அதன்பின் எங்கள் டிப்போவில், மரம் எங்கே நிற்கப்போகிறதோ அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் என் சுத்தியல் இறங்கியதில்லை. வேங்கைக் குவளையை அவர் விடவில்லை. அவர் நோவுக்கு அது நல்ல மரம்தான். வீட்டு உத்தரத்துக்கு இன்றைக்கும் நான் வேங்கையைத்தான் சொல்வேன்.

சிமெண்டுச் செய்தி கொண்டுவந்த இருவரிடமும் இவ்வளவையும் சொன்னேன். சிமெண்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் கம்பியை உப்பு எட்டுமா எட்டாதா என்பது எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கடலில் ஒரு தூணை நிறுத்தி, பிறகு உடைத்துப் பார்த்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். சுலைமான் வந்து சொன்னதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

தூண்களைப் பிடுங்கத் தொடங்கிய பிறகுதான் அவன் ஊருக்கு வந்தான். தோளில் ஒரு சாக்கு. நேராக யார்டுக்கு வந்து, ராஜு ஐயா முன்னால் சாக்கை அவிழ்த்தான். பிடுங்கும்போது தன் பாரம் தாங்காமல் ஒடிந்த வேங்கைத் தூணின் துண்டு. ஒடிந்த பக்கம் முழுக்க ஓட்டை. தாரைச் சுரண்டிய பக்கத்தில் என் முத்திரை, அன்றைக்கு அடித்தது போலப் பளிச்சென்று.

"இடுப்புல கயித்தக் கட்டி எறக்குனாவ" என்றான். "ஒண்ணொண்ணா சுரண்டிக்கிட்டே வாரேன். சூடு, சூடு, சூடு. எனக்குப் பின்னால கிரேன் கொஞ்சங் கொஞ்சமா உருண்டு வருது. படத்துல பாத்தா கோங்கு இன்னும் தள்ளிப் போகணும்னு தொரை மேல நின்னு சொல்லுதாரு. அடுத்த தூணச் சுரண்டுனேன், இந்தா, இது. கையத் தூக்கிட்டேன். மிசின் என் தலைக்கு மேல வந்து நின்னுச்சு."

ராஜு ஐயா துண்டை வாங்கி, என் முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நல்ல மரம், நம்பி ஏறலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்வதற்காக நான் அடித்த குறி. அதைப் பார்த்துத்தான் என் தங்கை புருஷன் உயிருக்குப் பயந்து கை தூக்கியிருக்கிறான்.

நான் தலை நிமிராமல் நின்றேன். சுலைமான் என் தோளில் கை போட்டான். கிண்டலா நன்றியா என்று அவன் குரலில் எனக்குத் தெரியவில்லை.

"நல்லவேளை மச்சான், ஆழமா அடிச்சிருந்தீய. லேசா அடிச்சிருந்தா தாருக்குள்ள தெரிஞ்சிருக்காது."